‘ஒருதலைக் காதல்’ என்னும் செய்திச்சொல்: பெண்கள் மீதான வன்முறையும் தமிழ் ஊடக மொழியும்

ஆய்வுச்சுருக்கம்

தன் விருப்பத்தை ஏற்க மறுத்த பெண்ணை ஓர் ஆண் தாக்கும்போதும் கொல்லும்போதும் அந்நிகழ்வைத் தமிழ்ச் செய்தி ஊடகங்கள் பெரும்பாலும் ‘ஒருதலைக் காதல்’ என்னும் தொடராற் குறிக்கின்றன. இத்தொடர் குற்றத்தின் காரணத்தைச் சுட்டுவதுடன் நின்றுவிடுவதில்லை. குற்றம் புரிந்தவனின் பார்வையிலிருந்து நிகழ்வைச் சொல்கிறது. பெண்ணின் மீதான பரிவை, அவள் காதலித்தாளா இல்லையா என்னும் வினாவோடு பிணைத்துவிடுகிறது. இக்கட்டுரை இத்தொடரை அகப்பொருள் மரபின் கைக்கிளையோடு ஒப்பிட்டும், செய்தித் தலைப்புகளின் தொடரமைப்பைப் பகுத்தும், இதனோடு வழங்கும் பிற சொற்களோடு உறழ்ந்தும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒருதலைக் காதல், கைக்கிளை, கள்ளக்காதல், செய்தித் தலைப்பு, பின்தொடர்தல், ஊடக மொழி.

1. முன்னுரை

2012 நவம்பரில் காரைக்காலில் இளம்பெண் ஒருவர் மீது அமிலம் வீசப்பட்டது. மூன்று மாதங்கள் மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய அவர் 2013 பிப்ரவரியில் இறந்தார். 2016 ஜூன் 24 அன்று காலை சென்னை நுங்கம்பாக்கம் தொடர்வண்டி நிலைய நடைமேடையில் வேலைக்குச் செல்லக் காத்திருந்த பெண் பொறியாளர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் கரூரில் கல்லூரி வகுப்பறையில் ஒரு மாணவியும், தூத்துக்குடியில் தேவாலயத்தில் ஓர் ஆசிரியையும் கொல்லப்பட்டனர். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை நிலையத்தில் ஒரு மாணவி ஓடும் தொடர்வண்டியின் முன் தள்ளப்பட்டு இறந்தார். 2024 நவம்பரில் தஞ்சை மாவட்டம் மல்லிப்பட்டினத்தில் ஆசிரியை ஒருவர் தாம் பணியாற்றிய பள்ளியிலேயே குத்திக் கொல்லப்பட்டார்.

இந்நிகழ்வுகள் நடந்த இடங்களை நோக்குதல் வேண்டும். நடைமேடை, வகுப்பறை, வழிபாட்டிடம், பள்ளி ஆகிய இவை பெண் கல்வி பெறவும் பொருளீட்டவும் பொதுவெளிக்கு வந்த இடங்கள். ஒவ்வொரு நிகழ்வின் பின்னணியும் வேறு. வழக்குகளின் போக்கும் வேறு. எனினும் இவை குறித்த செய்திகளிலும் விவாதங்களிலும் மீண்டும் மீண்டும் எழுந்த சொல் ஒன்றே: காதல். இச்சொல் இந்நிகழ்வுகளுக்குள் எவ்வாறு வந்தது, வந்தபின் அது என்ன செய்கிறது என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2. கைக்கிளையும் ஒருதலைக் காதலும்

‘ஒருதலை’ என்னும் அடைமொழி ஊடகங்கள் புதிதாகப் படைத்ததன்று. அகத்திணையை ஏழாகப் பகுத்த தொல்காப்பியம் கைக்கிளையை முதலிலும் பெருந்திணையை இறுதியிலும் வைத்து, அன்பின் ஐந்திணையை நடுவில் நிறுத்தியது. பிற்கால நம்பியகப்பொருள் கைக்கிளையை ஒருதலைக் காமம் என்றே வரையறுத்தது. இந்த மரபுத்தொடரின் சாயல் இன்றைய செய்திச்சொல்லுக்கு ஒரு பழம்பெருமையையும் இலக்கிய மணத்தையும் தருகிறது. அந்த மணம் அதற்கு உரியதுதானா என்பதை ஆராய்தல் வேண்டும்.

தொல்காப்பியம் காட்டும் கைக்கிளைத் தலைவன், காமம் அறியாத இளம்பருவத்தினளிடம் தன் துன்பத்தைப் பேசுகிறான். மறுமொழி கிடைப்பதில்லை. கிடைக்காத நிலையிலும் தான் பேசியதிலேயே இன்பங்கண்டு அமைகிறான். கைக்கிளையின் எல்லை அவ்வளவே. தலைவியின் மௌனத்தை மீறி அவள் உடல்மேல் உரிமை கொள்ளுதல் அத்திணைக்குள் அடங்காது. மடலேறுதலிலுங்கூடத் தலைவன் பனங்கருக்கில் தன் உடலையே வருத்திக்கொள்கிறான். ஊரார்முன் நாணிழந்து நிற்பவனும் அவனே. அச்செயல் பெண்ணின்மீதும் அவள் குடும்பத்தின்மீதும் செலுத்தப்படும் அழுத்தமாகவும் அமைகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே பழைய மரபு குற்றமற்றது என இங்கு வாதிடவில்லை. ஆனால் அம்மரபு அதனைப் பெருந்திணையின்பாற் படுத்து, அன்பின் ஐந்திணையினின்றும் விலக்கியே வைத்தது என்பது கருதத்தக்கது. ஒத்த அன்பில்லாத வேட்கையை ஒத்த அன்போடு சேர்த்தெண்ணக் கூடாது என்னும் தெளிவு அவ்விலக்கணத்தில் இருந்தது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கைக்கிளை இருபாலார்க்கும் உரியது. புறப்பொருள் வெண்பாமாலை ஆண்பாற் கைக்கிளை, பெண்பாற் கைக்கிளை என இரண்டாக வகுக்கிறது. புறநானூற்றின் 83, 84, 85 ஆம் பாடல்களில் நக்கண்ணையார் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின்பால் தாம் கொண்ட வேட்கையைப் பாடினார். அவருடைய கைக்கிளை மூன்று பாடல்களாயிற்று, எவருக்கும் தீங்காகவில்லை. செய்தித்தாளின் ‘ஒருதலைக் காதல்’ நடைமுறையில் பெரும்பாலும் ஆணுக்கே வழங்கப்படுகிறது; அதுவும் அவன் கருவி ஏந்திய பின்னரே செய்தியாகிறது. கைக்கிளை சொல்லில் தொடங்கிச் சொல்லில் முடிவது. செய்தியாகும் ‘ஒருதலைக் காதல்’ சொல்லில் தொடங்கிக் கொலையில் முடிவது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது பொருட்குழப்பம் மட்டுமன்று; குற்றத்திற்கு இலக்கியத்தின் ஆடையை உடுத்துவதுமாகும்.

3. தலைப்பின் இலக்கணம்

இவ்வகைச் செய்திகளின் தலைப்புகளுக்கு ஒரு பொதுவடிவம் உண்டு. ‘காதலிக்க மறுத்த மாணவிக்குக் கத்திக்குத்து: வாலிபர் வெறிச்செயல்’ என்பதை அவ்வடிவத்தின் மாதிரியாகக் கொண்டு பகுத்து நோக்கலாம்.

இத்தொடரின் முற்பகுதியில் தெரிநிலையாக வெளிப்படும் ஒரே வினை ‘மறுத்த’ என்னும் பெயரெச்சம். அவ்வினைக்குரிய எழுவாய் பெண். குத்துதல் என்னும் செயலோ ‘கத்திக்குத்து’ எனப் பெயர்ச்சொல்லாகிவிட்டது. அதற்கு எழுவாயும் இல்லை, காலமும் இல்லை. ஆக இத்தலைப்பில் ஏதேனும் ‘செய்தவர்’ பெண் ஒருவரே. அவர் செய்தது மறுத்தல். அவருக்கு நேர்ந்தது நான்காம் வேற்றுமையால் உணர்த்தப்படுகிறது. கொள்வோரைச் சுட்டும் வேற்றுமை அது. பரிசும் பட்டமும் எவ்வேற்றுமையில் ஒருவரை அடைகின்றனவோ, அதே வேற்றுமையில் கத்திக்குத்தும் அவரை அடைகிறது. முன்னே மறுத்தல், பின்னே குத்து என்னும் வைப்புமுறை இரண்டையும் காரணகாரியமாக இணைத்துவிடுகிறது. வெளிப்படையாக எதையும் கூறாமலேயே, அவள் மறுத்திருக்காவிட்டால் இது நிகழ்ந்திராது என்னும் கருத்தைத் தலைப்பு வாசகர் மனத்தில் ஊன்றுகிறது.

பிற்பகுதியில் ஆண் தோன்றுகிறான். ஆனால் அவன் செயல் ‘வெறிச்செயல்’ ஆகிறது. ‘ஆத்திரத்தில்’, ‘விரக்தியில்’ முதலிய அடைகளும் இதே பணியைச் செய்வன. வெறி என்பது தன்வயமிழந்த நிலை. ஆனால் செய்திகளின் உட்பகுதியைப் படித்தால் அவை காட்டும் காட்சி பெரும்பாலும் வேறாக இருக்கிறது. பல நாள் பின்தொடர்தல், பெண் செல்லும் நேரத்தையும் வழியையும் அறிதல், கருவி வாங்குதல், மறைத்து எடுத்துவருதல், காத்திருத்தல் ஆகியன அங்கே விவரிக்கப்படுகின்றன. இவை நிதானத்தின் அடையாளங்கள். உடற்பகுதி தரும் சான்றைத் தலைப்பு மறுதலிக்கிறது. தலைப்பை மட்டும் படித்து நகரும் வாசகரே மிகுதி என்பதால் எஞ்சுவது வெறியும் காதலுந்தான்.

சட்டத்தின் மொழியோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் தெளிவாகும். 2013 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 354ஈ பிரிவு, பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கியது. பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78 ஆம் பிரிவு. ஒரு பெண் விருப்பமின்மையைத் தெளிவாகப் புலப்படுத்திய பின்னும் அவளைத் தொடர்ந்து செல்வதும் தொடர்புகொள்ள முயல்வதும் அங்கே குற்றமாக வரையறுக்கப்படுகின்றன. சட்டம் பெண்ணின் மறுப்பிலிருந்து குற்றத்தை அளக்கிறது. மறுப்புக்குப் பின் எஞ்சுவது குற்றமே என்கிறது. செய்தி ஆணின் விருப்பத்திலிருந்து நிகழ்வை அளக்கிறது. மறுப்புக்குப் பின்னும் எஞ்சுவது காதலே என்கிறது.

4. பரிவின் படிநிலை

இவ்விடத்தில் ஒரு மறுப்புரையை எதிர்கொள்ள வேண்டும். ‘ஒருதலை’ என்னும் அடைமொழி பெண்ணைக் காப்பதற்காகவே வழங்கப்படுகிறது என்பர். அவள் காதலிக்கவில்லை, அவளுக்கு இதில் பங்கில்லை என்பதை அது ஊரறியச் சொல்கிறது. மகளை இழந்த பெற்றோர்க்கு அச்சொல் ஓர் ஆறுதலாகவும் இருக்கக்கூடும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. அந்த உண்மைதான் இச்சொல்லின் ஆழ்ந்த சிக்கலையும் வெளிப்படுத்துகிறது.

காதலிக்கவில்லை என்பதால் ஒரு பெண் குற்றமற்றவள் என்றால், காதலித்தவள் யார்? சில காலம் பழகிப் பின் விலகிய பெண் கொல்லப்படும்போது ‘ஒருதலை’ என்னும் கவசம் அவளுக்குக் கிடைப்பதில்லை. அவளுக்கு வழங்கும் சொல் ‘காதல் தகராறு’. தகராறு என்பது இருவர் செய்வது. அதில் இருவர்க்கும் பங்குண்டு. விலகியதற்கான காரணம், வேறொருவரோடு பேசியது, பழைய ஒளிப்படங்கள் ஆகியன செய்திக்குள் வரத்தொடங்குகின்றன. திருமணமான பெண் கொல்லப்பட்டு, வேறோர் உறவு பேசப்படுமானால் சொல் ‘கள்ளக்காதல்’ ஆகிறது. களவு என்னும் அகத்திணைச் சொல்லின் பெருமிதம் சிறிதும் இல்லாது, திருட்டின் இழிவு மட்டும் அச்சொல்லில் ஏறியிருக்கிறது. கொலையுண்டவளே குற்றவாளியாகத் தோன்றும் எல்லை இது.

ஆகவே ‘ஒருதலைக் காதல்’, ‘காதல் தகராறு’, ‘கள்ளக்காதல்’ என்பன தனித்தனிச் சொற்களல்ல; ஒரே வரிசையின் மூன்று படிகள். முதற்படியில் இருப்பவளுக்கு முழுப்பரிவு, இரண்டாம் படியில் இருப்பவளுக்கு ஐயத்தோடு கூடிய பரிவு, மூன்றாம் படியில் இருப்பவளுக்கு ஏளனம். மூவர்க்கும் நேர்ந்தது கொலை என்னும் ஒரே குற்றமே. ஆயினும் கொலையின் கொடுமையை விடப் பெண்ணின் ஒழுக்கமே செய்தியின் அளவுகோலாகிறது. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் பெரியார், கற்பு பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்படும் அறமாக இருப்பதைக் கண்டித்தார். அந்த அறம் இன்று குற்றச்செய்திப் பக்கத்தில் வகைப்பாட்டுக் கருவியாகத் தொடர்கிறது எனலாம்.

நுங்கம்பாக்கம் நிகழ்வுக்குப் பின் எழுந்த பேச்சுகள் இதற்குத் தக்க சான்று. கொல்லப்பட்டவரின் நட்பு, சமயம், சாதி, அவர் யாரோடு பேசினார் என்பன பற்றிய ஊகங்கள் சமூக ஊடகங்களிற் பரவின. குற்றஞ்சாட்டப்பட்டவர் அதே ஆண்டு செப்டம்பரில் சிறையில் இறந்ததால் வழக்கு நீதிமன்ற விசாரணையைக் காணவில்லை. ஆனால் இறந்த பெண்ணின் ஒழுக்கம் பற்றிய பொதுவிசாரணை மட்டும் சாட்சியும் வாதமும் இன்றி நெடுநாள் நடந்தது. அவ்விசாரணையில் அவர் ‘ஒருதலை’ப் பட்டியலுக்கு உரியவரா என்பதே உள்ளுறையாக நின்ற வினா.

அரசின் புள்ளிவிவர மொழியும் இதற்கு விலக்கன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் கொலைக்கான நோக்கங்களைப் பட்டியலிடும்போது ‘காதல் விவகாரம்’, ‘முறையற்ற உறவு’ எனத் தலைப்புகள் இடுகின்றன. மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட பெண்ணைத் தனியே எண்ணுதற்கு அவ்வட்டவணையில் இடமில்லை. எண்ணப்படாத குற்றத்திற்குத் தடுப்புத் திட்டமும் வகுக்கப்படுவதில்லை என்பதால், இச்சொற்சிக்கல் ஆட்சிச் சிக்கலாகவும் ஆகிறது.

5. பெயரும் குரலும் ஆவணமும்

சொற்களால் நிகழும் இத்தீங்கின் மற்றொரு வடிவம், உயிரோடிருக்கும் பெண்ணின் அடையாளத்தை வெளிப்படுத்துதல். பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் பெயரை வெளியிடலாகாது என 1983 இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 228அ பிரிவு சேர்க்கப்பட்டது. பெயரை மட்டுமன்றி, அவரை அடையாளங்காட்டக்கூடிய எச்செய்தியையும் வெளியிடலாகாது என 2018 டிசம்பரில் நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. அடுத்த மூன்று மாதங்களுக்குள் பொள்ளாச்சி வழக்கில், புகாரளித்த பெண்ணின் பெயர் காவல்துறை உயர் அலுவலரின் செய்தியாளர் சந்திப்பிலும், வழக்கைச் சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் வெளிவந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது.

அதே வழக்கில் துன்புறுத்தப்படும் பெண்ணின் கதறல் பதிவாகிய காணொலி பரவியதும் நினைக்கத்தக்கது. அக்குரல் மக்கள் சினத்தைத் தூண்டியது, போராட்டங்களுக்கு வித்திட்டது. ஆனால் அக்குரலுக்குரியவர் அதைப் பரப்ப இசைந்தாரா என்னும் வினா அச்சினத்தில் மறைந்தது. மிரட்டிப் பணம் பறிக்கவும் மீண்டும் வன்கொடுமைக்கு உட்படுத்தவும் குற்றவாளிகள் கையாண்ட கருவியும் காணொலியே. கண்டிப்போரும் அதையே கையிலெடுக்கும்போது நோக்கம் வேறாயினும் பெண்ணின் இசைவு ஈரிடத்தும் இல்லாதொழிகிறது. 2025 மே மாதம் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை வழங்கியது. பல பெண்கள் அடையாளம் காக்கப்பட்ட நிலையில் சாட்சியளிக்க முடிந்ததால்தான் அத்தீர்ப்பு கைகூடிற்று என்பதை ஊடகங்கள் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானபோது, முதல் தகவல் அறிக்கையே பொதுவெளியிற் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் காவல் உயர் அலுவலர்களைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அத்துடன் அவ்வறிக்கை எழுதப்பட்ட மொழியையும் கண்டித்தது. அம்மொழி பாதிக்கப்பட்டவர் மீதே பழிசுமத்தும் வகையில் அமைந்திருந்தது என நீதிமன்றம் கருதியது. ஓர் ஆவணத்தின் சொல்லாட்சியும் நீதிக்குரிய பொருள் என இதனால் நிறுவப்பட்டது. காவல் நிலைய ஆவணத்திற்குப் பொருந்தும் இவ்வளவுகோல், அவ்வாவணத்தையே மூலமாகக் கொண்டு எழுதப்படும் செய்திக்கும் பொருந்தும்.

6. திரை தந்த இலக்கணம்

இச்செய்திமொழிக்கு உரிய கதையமைப்பைத் தமிழ்த் திரைப்படம் நெடுங்காலமாகப் பயிற்றுவித்து வந்துள்ளது. ‘குணா’ (1991) கடத்தப்பட்ட பெண்ணின் மனம் கடத்தியவன்பால் கனிவதைக் காவியமாக்கியது. ‘ரெமோ’ (2016) வேறொருவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை மாறுவேடத்தால் ஏமாற்றி வெல்வதை நகைச்சுவையாக்கியது. நுங்கம்பாக்கம் நிகழ்வுக்குச் சில மாதங்களுக்குப் பின் அது வெளிவந்ததால் கண்டனத்தையும் எதிர்கொண்டது. திரைக்கதையில் மறுப்பு என்பது இடைவேளைக்கு முந்தைய நிலை மட்டுமே. இறுதியில் அது இசைவாக மாறியே தீரும். ‘வழக்கு எண் 18/9’ (2012) போன்ற படங்கள் இதற்கு மாறாக அமில வீச்சின் கொடுமையைப் பாதிக்கப்பட்டோரின் பக்கம் நின்று காட்டின. எனினும் அவை அருகியே வருகின்றன. திரைப்படமே கொலைக்குக் காரணம் என்பது எளிமைப்படுத்தல். அது கொலையாளியை உருவாக்குகிறது என்பதைவிட, கொலைக்குப் பின் ‘அவன் எவ்வளவு காதலித்திருக்கிறான்’ எனப் பேசும் சமூகத்தை உருவாக்குகிறது என்பதே பொருத்தம்.

7. சொல் மாற்றத்தின் இயலுமை

வழக்கிலுள்ள சொல்லை மாற்ற இயலாது என்னும் கூற்றை அண்மைக்காலத் தமிழ் வரலாறே மறுக்கிறது. பெண்ணின் இழப்பாகவே குற்றத்தைக் கண்ட ‘கற்பழிப்பு’ என்னும் சொல் பின்வாங்கி, ‘பாலியல் வன்கொடுமை’, ‘பாலியல் வல்லுறவு’ ஆகியன இடம்பெற்றுள்ளன. கொலைக்குப் பெருமை தந்த ‘கௌரவக் கொலை’யின் இடத்தை ‘ஆணவக் கொலை’ பெருமளவு பற்றிக்கொண்டது. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் இறந்ததையடுத்து 1998 இல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டுச் சட்டம், ‘ஈவ் டீசிங்’ என்னும் விளையாட்டுச் சொல்லைத் தன் தலைப்பிற் கொண்டிருந்தது. பின்னர் அது பெண்களைத் துன்புறுத்துதலைத் தடைசெய்யும் சட்டம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. பாலினச் சார்புச் சொற்களையும் அவற்றுக்குரிய மாற்றுச் சொற்களையும் தொகுத்த கையேட்டை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே வெளியிட்டது. ஒவ்வொரு மாற்றமும், குற்றத்தின் சுமையைப் பாதிக்கப்பட்டவரிடமிருந்து செய்தவரிடம் நகர்த்தியது என்பது இவற்றின் பொதுவியல்பு.

‘ஒருதலைக் காதல்’ என்னும் தொடருக்கும் இம்மாற்றம் வேண்டும். இதற்குப் புதுச்சொல் படைத்தல் கட்டாயமன்று. ‘பின்தொடர்ந்து துன்புறுத்தியவர் மாணவியைக் குத்தினார்’ என எழுவாயும் தெரிநிலை வினையும் அமைய எழுதினால் தமிழின் இயல்பான தொடரமைப்பே நடுநிலையைக் காக்கும். சுருக்கம் வேண்டுமிடத்துப் ‘பின்தொடர் வன்முறை’ எனலாம். காவல்துறைக் குறிப்பில் ‘காதல்’ எனக் கூறப்பட்டிருப்பின், அது பிடிபட்டவரின் கூற்று என்று பிரித்துச் சுட்டலாம். நோக்கத்தைச் சொல்லாமல் விடவேண்டும் என்பது இதன் கருத்தன்று. பிடிபட்டவரின் விளக்கத்தைச் செய்தியாளரின் விளக்கமாக்கலாகாது என்பதே கருத்து.

இம்மாற்றத்தால் விளையும் பயன் செய்திப் பக்கத்தோடு நின்றுவிடாது. பின்தொடர்தலைப் பற்றி முறையிட வரும் பெண்ணிடம் இதனைக் ‘காதல் விவகாரம்’ எனக் கருதி, இளைஞனிடம் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் வழக்கம் காவல் நிலையங்களில் உண்டு. ‘அவன் எதிர்காலம் பாழாகிவிடும்’ என ஊர்ப்பெரியவர்கள் சமாதானம் பேசுவதும், மகளின் படிப்பை நிறுத்தித் திருமணத்தை விரைவுபடுத்தப் பெற்றோர் முனைவதும் இதே பெயரீட்டின் தொடர்விளைவுகள். காதல் என்று பெயரிட்டதைச் சமாதானத்தால் தீர்க்க முயல்வர். குற்றம் என்று பெயரிட்டதைச் சட்டத்தால் தடுக்க முயல்வர். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பின்தொடர்தல் உள்ளிட்ட குற்றங்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. ஆனால் முறையீட்டைப் பெறுபவர் அதனைக் குற்றமாகக் காணாதவரை, தண்டனையின் அளவு பயன்தருதல் அரிது.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. ‘ஒருதலைக் காதல்’ என்னும் செய்திச்சொல் கைக்கிளையின் பெயர்ச்சாயலைக் கொண்டிருப்பினும் அதன் பொருளைக் கொண்டிருக்கவில்லை. அச்சொல்லைத் தாங்கும் தலைப்புகள் பெண்ணின் மறுப்பை வினையாகவும் ஆணின் வன்முறையைப் பெயராகவும் அமைத்து, காரணத்தைப் பெண்ணின் பக்கம் வைக்கின்றன. ‘காதல் தகராறு’, ‘கள்ளக்காதல்’ என்பனவற்றோடு சேர்ந்து அது பரிவின் படிநிலையொன்றை நிறுவி, காதலித்த பெண்ணின் உயிரைக் காதலிக்காத பெண்ணின் உயிரினும் மலிவாக்குகிறது.

பெண்ணின் மறுப்பு, ஒருபோதும் காதலிக்காதவளின் மறுப்பாயினும் காதலித்து விலகியவளின் மறுப்பாயினும், விளக்கம் வேண்டாத முழுமையான விடை. அந்த விடையை மீறி நிகழ்வதற்குக் காதல் என்னும் பெயர் எவ்வகையாலும் பொருந்தாது. கைக்கிளையை அன்பின் ஐந்திணையினின்றும் பிரித்தறிந்த மொழி தமிழ். கொலையைக் காதலினின்றும் பிரித்தெழுதுதல் அம்மொழிக்கு இயலாததன்று.